டெலினியும் பேசாத பிள்ளைகளும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பேச்சில்லாத குழந்தைகளோடு வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஃபெர்னான் டெலினி பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. அவரைக் கவிஞர் என்பதா, கல்வியாளர் என்பதா? அவருடைய முறையை எங்கள் பள்ளியில் எப்படிக் கொண்டுவருவது? அவரிடம் வளர்ந்த குழந்தைகள் கடைசியில் பேசினார்களா?
ம.

அன்புள்ள ம.,

கவிஞரா இல்லையா என்பதை விடுங்கள். 1945இல் முரட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியவை ஓரிரு வரிக் குறிப்புகள். படித்துவிட்டு நீங்களே பெயர் வையுங்கள். முறை என்று ஒன்றும் அவரிடம் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் கோபம் வந்தது. அவரோடு வளர்ந்த ஜான்மரி என்ற பையன் பேசவே இல்லை. பேசவைக்க டெலினி முயலவும் இல்லை. பேசினால்தான் பிள்ளையா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வட பிரான்சின் அர்மான்தியேர் மனநல விடுதியில் தண்டனைகளை நிறுத்தியவர் அவர். 1960களின் இறுதியில் தெற்கு பிரான்சின் செவென் மலைப்பகுதியில், மோனோப்ளே கிராமத்தைச் சுற்றி, பேச்சில்லாத ஆட்டிசக் குழந்தைகளோடு வாழ ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் தொழிலாளர்கள், விவசாயிகள், மாணவர்கள். அவர்கள் ரொட்டி சுட்டார்கள், ஆடு மேய்த்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் திரிந்தார்கள். ஒரு பிள்ளையின் போக்கு தாங்காமல் ஜாக் லேன் என்ற தொழிலாளி தவித்தபோது டெலினி காட்டிய வழி, அந்தப் பிள்ளை நடந்த தடத்தைத் தாளில் வரைவது. பெரியவர்களின் வழக்கமான பாதைகள் ஒரு தாளில்; அதன்மேல் அடியில் உள்ளது தெரிகிற ஊடுதாள் வைத்து, பிள்ளை போன வழி மையில். தண்ணீர் இருக்கும் பக்கம் கோடுகள் மறுபடி மறுபடி சுற்றின. நோயைக் கண்டுபிடிக்க வரைந்ததில்லை. விளக்கம் சொல்ல வரைந்ததில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் "அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?" என்றே கேட்கிறார்கள். அர்த்தம் தேடுகிற கண்ணை அந்தப் பிள்ளையின் மேலிருந்து கொஞ்ச நேரம் எடுக்கத்தான் அந்தத் தாள்.

என் பெரியப்பா மகன் ஒருவன் தினமும் சாயங்காலம் கிணற்றைச் சுற்றி நடப்பான். நடந்து நடந்து மண்ணில் பள்ளமே விழுந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மான்னு சொல்லுடா" என்பார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அந்தப் பள்ளத்தை ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. நானும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

பேச்சுப் பயிற்சி கூடாது என்று சொல்லவில்லை அம்மா. நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு இருப்பது லேசான வேலையில்லை என்றும் தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் அவர்கள் நடக்கும் வழியை வரையுங்கள். பெற்றோர் பார்க்கக் கேட்டால் காட்டுங்கள். தாளின் அடியில் எதையும் எழுத வேண்டாம்.