முதலை கடல் தாண்டியது, அலிகேட்டர் ஏன் தாண்டவில்லை?

முதலையைப் போலவே இருக்கும் அதன் உறவினமான அலிகேட்டர் அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டும் இருக்க, முதலை மட்டும் எப்படி ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவியது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

விடை நாக்கில் இருக்கிறது. முதலையின் நாக்கில் உப்புச் சுரப்பிகள் உண்டு. உடம்பில் சேரும் உப்பை அவை துளித்துளியாக வெளியேற்றிவிடும். அலிகேட்டருக்கு இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யாது. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். அதனால் அதன் மூதாதைகள் வட அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணைப் பகுதியில் அன்றிருந்த நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து.

முதலையின் கதைதான் என்னை மலைக்க வைக்கிறது. அமெரிக்க முதலைகளுக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவின் நைல் முதலை. லிபியாவில் கிடைத்த, ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுப் பழைய மண்டையோடு ஒன்றில் மூஞ்சியின் நடுவே ஒரு புடைப்பு தெரிகிறது. இன்றைய ஆப்பிரிக்க முதலைகளுக்கு அது கிடையாது, அமெரிக்க முதலைகளுக்கு உண்டு. ஆக, அட்லாண்டிக்கைக் கடந்தே அவை அங்கே போயிருக்கின்றன!

இன்னொன்று: முதலை, அலிகேட்டர் இரண்டுக்கும் பல்லி, உடும்பைவிடப் பறவைகளே நெருங்கிய உறவு.