இறங்குவதற்கும் நாள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் முதுகில் பையோடு 16 நாள் நடக்கப் போகிறோம். 3000 மீட்டர் வரை மலை, அங்கிருந்து இறங்கி, கடைசியில் கடற்கரை. ஏறுவதுதான் கஷ்டம் என்று ஓய்வு நாட்கள் மூன்றையும் ஏற்றத்தில் வைத்துவிட்டேன். இறக்கத்துக்கு மூன்றே நாள். "இறங்கும்போதும் நடுவில் இரண்டு நாள் தங்கலாம்" என்கிறாள் மனைவி. இறங்குவதற்கு எதற்கு ஓய்வு? சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. அவள் என்னைவிட மெதுவாக நடப்பவள். நீங்களும் துணைவியோடு இப்படி நடந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பதிலை இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இதே கணக்கை நானும் ஒருமுறை போட்டு, அதன் பலனை முட்டியில் வாங்கியவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஏறும்போது மூச்சு வாங்கும், இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உங்கள் எடையையும் பையின் எடையையும் பிரேக் மாதிரி பிடித்து நிறுத்துகிறது. அதில் தசைக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மாலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். வலி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். உங்கள் திட்டப்படி அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

நடை நேரத்தைக் கணக்கிட 1892ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு வழி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இறக்கத்துக்கு அதில் இடமே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் திருத்தினார்கள். மிதமான சரிவில் 300 மீட்டர் இறங்கினால் 10 நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும், செங்குத்தாக இருந்தால் 10 நிமிடம் கூட்ட வேண்டும். அதாவது செங்குத்தான இறக்கத்துக்குச் சமதளத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். உங்கள் திட்டமோ நெய்ஸ்மித்தோடு நின்றுவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஒரே நாளில் ஏறக்குறைய 1800 மீட்டர் இறங்கினோம். உச்சியில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை மூடி மனைவியின் பைப் பக்கவாட்டில் செருகினேன். பாதி வழியில் 'டொக்' என்று ஒரு சத்தம். குச்சியை மிதித்துவிட்டோம் என்று நினைத்தோம். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி டொக். பார்த்தால் பாட்டில் இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. 3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். மேலே அடைத்த காற்றைக் கீழே உள்ள காற்று நெரிக்கிறது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். அன்று நாங்கள் சேர்ந்து சிரித்தது அத்தோடு சரி.

பிறகு நான் முன்னால் போனேன். இறக்கம்தானே, கால் தானாக ஓடியது. வரைபடமும் தண்ணீரும் என் பையில், சாப்பாடு முழுக்க அவள் பையில். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்தாள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அரை கிலோமீட்டர் கீழே ஒரு பாறைமேல் அவளுக்காகக் காத்திருந்தேன். அவளும் மேலே காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நான் திரும்பி ஏறிப் போனபோது அவள் திட்டவில்லை. "தண்ணி குடு" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காலை இருவரும் தங்கிய இடத்தின் படிகளில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினோம், முன்பக்கமாக இறங்கத் தொடை சம்மதிக்கவில்லை.

அதனால் பொருளைப் பிரிக்கும்போது தண்ணீர், அன்றைய சாப்பாடு, டார்ச், வரைபடத்தின் நகல் ஆகியவை இரண்டு பையிலும் தனித்தனியாக இருக்கட்டும். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். உங்கள் மனைவி மெதுவாக நடப்பவர் என்பதால் அவரே முன்னால் நடக்கட்டும். இல்லையென்றால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் வேகமாகப் போய் உட்கார்ந்து இளைப்பாறுவீர்கள், அவர் வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா" என்று எழுந்துவிடுவீர்கள். நாள் முழுக்க ஓய்வெல்லாம் உங்களுக்குத்தான்.

சரிபாதியும் வேண்டாம். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 75 கிலோ ஆள் 15 கிலோ தூக்கலாம், 50 கிலோ ஆளுக்கு 10 கிலோதான். பாதிப் பாதி என்றால் காதில் விழ நியாயமாகத்தான் இருக்கிறது.

ஏற்றத்தில் வைத்த மூன்று ஓய்வு நாளில் ஒன்றைத் தொடாதீர்கள், உயரம் உடம்புக்குப் பழக வேண்டும். மற்ற இரண்டையும் இறக்கத்தின் நடுவே மாற்றிவிடுங்கள். அது தொடைக்கு மட்டுமல்ல. இறங்க இறங்க, 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி என்று வெப்பம் ஏறுகிறது. 3000 மீட்டரிலிருந்து கடலுக்கு வரும்போது கிட்டத்தட்ட 20 டிகிரி வித்தியாசம். குளிரில் கிடந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம்கூட ஆகும்.

கிளம்புவதற்கு ஓரிரு வாரம் முன்பு ஏதாவது உயரமான கட்டடத்தில் பையோடு லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். தலைகீழாகச் சொல்லவில்லை, ஏறுவதற்குத்தான் லிஃப்ட். ஒருமுறை இறங்கிக் கால் வலித்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அந்தத் தசை அவ்வளவாகச் சேதமாவதில்லை.

கடற்கரையில் நடப்பது சுலபம் என்று நினைத்திருப்பீர்கள். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டியான தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அலை வடிந்த நேரத்து ஈர மணல்தான் பாதை. வடியும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

அப்புறம், கால் நகம். இறக்கம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே இருவரும் வெட்டிக்கொள்ளுங்கள். என் வலது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து, மறுபடி முழுசாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அன்புடன்.