மீனாட்சி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு மூன்று வாரத்துக்கு முன்பு பெண் குழந்தை பிறந்தது. மகம் நட்சத்திரம். ம, மி, மு, மெ எழுத்துகளில் பெயர் வைக்கும்படி கோயில் ஐயர் சொன்னார். என் கணவரின் அப்பாயி பெயர் மீனாட்சி. கடைசிவரை தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமா ஆசைப்படுகிறார். என் தங்கச்சியோ, "பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள், மிதுஷிகா என்று வை" என்கிறாள். மீனாட்சி என்றால் என்ன பொருள்? அது தமிழ்ப் பெயரா, வடமொழியா? இப்போது யாரும் வைக்கிறார்களா? வைத்தால் எப்படி எழுதிப் பதிவது?
ஒரு தாய், கொட்டகலை

பதில்: தாராளமாக வையுங்கள் அம்மா. எழுத்தும் பொருந்துகிறது. மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார் என்ற பேச்சும் நம்மிடம் உண்டு. ஆனால் பெயரைத் தேர்வதைவிட அதை எழுதிப் பதிவதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. முதலில் பொருளைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மீன், அட்சி என்று இரண்டு சொற்கள் சேர்ந்தது இந்தப் பெயர். அக்ஷி என்றால் வடமொழியில் கண். மீனைப் போன்ற கண் உடையவள் என்பது பொருள். 'க்ஷ' தமிழுக்கு வரும்போது 'ட்ச' ஆகிவிடும். சாக்ஷி சாட்சி ஆனதும் பக்ஷி பட்சி ஆனதும் அப்படித்தான். மீன் ஆட்சி என்று பிரித்து, மீன்கொடி பிடித்த பாண்டியரின் ஆட்சி என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் பொருந்தாது. காஞ்சி காமாட்சியிலும் காசி விசாலாட்சியிலும் இதே முடிவுதான் வருகிறது. விசாலாட்சி என்றால் அகன்ற கண்ணாள். அங்கே ஆட்சிக்கு இடமே இல்லை.

தமிழா, வடமொழியா என்றால், இரண்டும்தான். 'மீன்' நம் சொல். வடமொழியில் உள்ள 'மீன' என்பதே திராவிட மொழிகளிலிருந்து போனது என்பதுதான் மொழியியலாளர் பலரின் கருத்து. தனித்தமிழில் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் மதுரை அம்மனை அங்கயற்கண்ணி என்று பாடியிருக்கிறார். கயல் ஒரு மீன். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வைக்கும் கயல்விழியும் இதே பொருள்தான்.

கண்ணுக்கு ஏன் மீனைச் சொன்னார்கள்? வடிவமும் துருதுருப்பும் ஒரு காரணம். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரித்துக் குஞ்சைக் காக்கும் என்பது நம் முன்னோரின் நம்பிக்கை. மீனுக்கு மனிதரைப் போல் மூடித் திறக்கும் இமையும் இல்லை. அதனால்தான் இமைக்காமல் உலகைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். விடியற்காலை எழும்பி, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, கொழுந்து எடுக்க மலைக்கு ஏறிய பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

1820களில் தொடங்கி, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாமிகளின் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். மாரியாயி, காத்தாயி, பேச்சாயி, மீனாட்சி எல்லாம் அப்படி வந்தவை. அதற்காக, அப்பாயி பெயர் மீனாட்சி என்பதை மட்டும் வைத்து உங்கள் குடும்பம் மதுரைப் பக்கம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த அம்மன் பெயரைத் தமிழ்நாடு முழுக்க வைத்தார்கள்.

நம் மலையகத்தில் இந்தப் பெயருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். தொழிலாளரின் கஷ்டத்தைப் பாட்டாக எழுதி, தோட்டம் தோட்டமாகக் கூட்டங்களில் பாடி ஆட்களைத் திரட்டியவர். பெண்கள் மேடை ஏறுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. உங்கள் மகள் விவரம் தெரியும் வயதுக்கு வந்ததும் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இப்போது வைக்கிறார்களா என்றால், குறைவுதான். ஆயி, அம்மா என்று முடியும் பெயர்களுக்குப் பிறகு புவனேஸ்வரி, விஜயலட்சுமி என்று ஒரு தலைமுறை வந்தது. அப்புறம் வசந்தி, சுமதி, கவிதா. இப்போது ஷிகா, ஷினி, ஷனா. மிதுஷிகா நல்ல ஓசையுள்ள பெயர், தங்கச்சி மேல் குறையில்லை. ஆனால் அதற்குப் பொருள் தேடினால் கிடைக்காது. ஓசைக்காகக் கோத்த பெயர் அது. கேலியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பாட்டிகாலப் பெயர்கள் பல இடங்களில் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் மீனா, மீனு என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். மாமாவின் ஆசையும் தங்கச்சியின் ஆசையும் பாதிப் பாதி நிறைவேற வேண்டுமென்றால் மீனலோசனி இருக்கிறது. பொருளும் அதே, முதலெழுத்தும் அதே. என்னைக் கேட்டால் மீனாட்சிதான்.

சரி, எழுதும் விஷயம். நாம் பேசும்போது மீனாட்சி என்று சொல்வதில்லை, 'மீனாச்சி' என்போம். கேட்டபடி எழுதியதால்தான் நம் ஆட்களின் பெயர்கள் இத்தனை குழம்பின. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தப் பேரைப் போடும் வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருந்ததால், சேமலாப நிதிப் பணத்துக்கு எத்தனையோ பேர் வயதான காலத்தில் அலைந்திருக்கிறார்கள். உங்கள் மாமாவிடம் கேட்டால் அப்பாயியின் பத்திரங்களிலேயே இரண்டு மூன்று மீனாட்சிகள் இருக்கக்கூடும்.

ஆகவே பதிவுக்குப் போகும்முன் ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் மீனாட்சி, 'ட்' விடுபடக் கூடாது. ஆங்கிலத்தில் 'எம்' போட்டு இரண்டு 'ஈ', நடுவில் 'கே எஸ் எச்', கடைசியில் ஒரே ஒரு 'ஐ'. 'டி சி எச்' போடுபவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் முன்னதைக் கடவுச்சீட்டில் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரியும் சரியாக வாசித்துவிடுவார். சிங்களத்தில் எழுத வேண்டிவந்தால் 'க்ஷ' வரும் எழுத்தையே போடச் சொல்லுங்கள். எண்கணிதம் பார்த்து நடுவில் ஒரு 'ஏ', கடைசியில் ஒரு 'எச்' சேர்ப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நாளைக்குப் பாடசாலையிலும் பரீட்சையிலும் அந்தக் கூடுதல் எழுத்து எங்காவது ஓரிடத்தில் விடுபடும், பிறகு ஆயுசுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

பிறந்த 42 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குடியிருக்கும் இடத்தில் அல்ல, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பதிவாளர் பிரிவில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். தமிழில் பதியும்படி கேளுங்கள், தமிழ் அரசகரும மொழி, அது உங்கள் உரிமை. பதிவாளர் எழுதியதும் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், கையிலுள்ள தாளோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பிழை தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பிறகு திருத்துவதென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம், அத்தாட்சி என்று நீளும்.

அதே வேளையில் உங்கள் கணவரின் பெயர் அவருடைய பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே தகப்பன் பெயர்க் கட்டத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தால், பிள்ளையைப் பதியப் போகும்போதே பதிவாளரிடம் இரண்டையும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.