பழைய கணினியில் பாட்டுப் பதிவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 2013ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி வன்தட்டு. எங்கள் கோயில் பஜனைக் குழுவினர் பாடும் தேவாரத்தையும் காவடிப் பாடல்களையும் அதில் பதிவு செய்ய விரும்புகிறேன். பதிவு நடுவில் திக்கித் திக்கி நிற்கிறது. கடைக்காரர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொல்கிறார். இதையே மேம்படுத்த வழி உண்டா?
வாசகர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தாராளமாக உண்டு. ஒலியைப் பதிவு செய்வது கணினிக்கு நாம் நினைப்பதைவிட எளிய வேலை. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8 எம்பி இடம் போதும். பாடுபவர், பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என எட்டு மைக்குகளை வைத்து ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். உங்கள் பழைய வன்தட்டு அதைப் போல் பல மடங்கு வேகத்தில் எழுதக்கூடியது.

பிறகு ஏன் திக்குகிறது என்றால், வன்தட்டு உங்கள் பாட்டை மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. இயங்குதளம் புதுப்பிப்பு தேடுகிறது, வைரஸ் தடுப்பு நிரல் கோப்புகளைத் துழாவுகிறது, 4 ஜிபி ராம் நிரம்பியதும் மிச்சத்தையும் வன்தட்டிலேயே கொண்டுபோய் வைக்கிறது. இத்தனைக்கும் வன்தட்டின் ஊசி போன்ற ஒரே கை இங்கும் அங்கும் ஓடவேண்டியிருப்பதால் பாட்டின் முறை வருவதற்குள் தாமதமாகிவிடுகிறது. ஆகவே முதல் செலவு எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மதர்போர்டின் வயதுக்கு கேபிளால் இணைக்கும் சாட்டா வகை, 2.5 அங்குல எஸ்எஸ்டியே பொருந்தும். மதர்போர்டிலேயே செருகும், கடையில் பளபளப்பாகக் காட்டப்படும் எம்.2 வகைக்கு அதில் பெரும்பாலும் இடம் இருக்காது. இன்னொரு ஆதாயமும் உண்டு: எஸ்எஸ்டி சுழலாததால் சத்தம் போடாது. பழைய வன்தட்டை எறியவேண்டாம். முடிந்த பதிவுகளின் நகல்களை அதில் வைக்கலாம்.

அடுத்தது ராம். டிடிஆர்3 வகையில் இரண்டு 4 ஜிபி பட்டைகளை ஒரே இணையாக வாங்கிப் போட்டால் போதும். வீணை, தம்புரா ஒலிகளைக் கணினியிலிருந்தே வரவழைக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்தினால் மட்டும் 16 ஜிபி தேவைப்படும். பெட்டியைத் திறக்கும்போதே மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, ராம் பட்டையின் பொன்னிற முனைகளையும் சுத்தம் செய்துவிடுங்கள். டர்பனின் ஈரமும் உப்புக்காற்றும் அந்த முனைகளைச் சும்மா விடுவதில்லை.

செயலியை மாற்றச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். உங்கள் மதர்போர்டின் பொருத்துவாய் 1155 முனை கொண்டது. அதற்கு அடுத்த நான்காம் தலைமுறையே 1150 முனைக்கு மாறிவிட்டதால் பொருந்தாது. அதிகபட்சம் அதே காலத்து ஐ7 ஒன்றைத் தேடிப் போடலாம். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் ஒன்று வாங்கினால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பஜனைக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தனித்தனியாகப் பதிய முயல்பவர்கள் பலர். ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் பஜனை என்பதால், அப்படிப் பதிந்தால் பாட்டு உயிரற்றுப்போகும். அனைவரையும் ஒன்றாகப் பாடவிட்டு, முன்னின்று பாடுபவருக்கு ஒன்றும் குழுவுக்கு ஒன்றுமாக இரண்டே மைக் வைப்பது மேல். அதற்கு இரண்டு உள்ளீடு கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போதுமானது.

கேள்வி: பாடும்போது என் குரலே ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்பதால் தாளம் பிசகுகிறது. கணினி மெதுவாக இருப்பதுதான் காரணமா?
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: பெரும்பாலும் இல்லை; காரணம் பஃபர் அளவு. கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாளாமல் ஒரு கொத்துச் சேர்ந்த பிறகே எடுத்துச் செல்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, 1024 மாதிரிகள் கொண்ட கொத்து சேர 23 மில்லிநொடி ஆகும். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று 46 மில்லிநொடியைத் தாண்டிவிடும். அது தாளத்தைக் குலைக்கப் போதுமானது. அளவை 128 ஆக்கினால் ஒரு கொத்துக்கு 3 மில்லிநொடிக்கும் குறைவு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுப்பதால் உங்கள் காது அதைப் பொருட்படுத்தாது. பழைய கணினி 128இல் திணறி வெடிப்புச் சத்தம் எழுப்பினால் 256 வையுங்கள். இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது ஒலியைத் தாமதமின்றிக் கையாள உதவும் நிரலை, நிறுவியிருப்பது கட்டாயம். பாடும் நேரத்தில் வைஃபையை அணைத்து, பவர் அமைப்பை முழுத் திறனுக்கு மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி பல இன்டர்ஃபேஸ்களின் முகப்பிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் சுற்றி வராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் அந்தத் தடம் ஹெட்போனுக்கு வரும் வசதியை (மானிட்டர்) நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

கேள்வி: பதிவு முழுவதும் அடியில் ‘ம்ம்’ என்று ஓர் ஒலி ஓடுகிறது. புதிய சவுண்ட் கார்டு வாங்கவேண்டுமா?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி. ஐந்து கட்டையில் (மேற்கத்திய ஜி சுருதி) பாடுபவர்களுக்கு அது பெரும் தொல்லை, ஏனெனில் ஐந்து கட்டை ஷட்ஜத்தின் (ச) கீழ்ஸ்தாயி ஒன்று 49 ஹெர்ட்ஸில் விழுகிறது. மின்சாரம் அதைவிடச் சற்றே மேலே நின்றுகொண்டு சுருதியோடு மல்லுக்கு நிற்கும். கணினி, மிக்ஸர், மின்சுருதிப்பெட்டி ஆகியவற்றை வெவ்வேறு பிளக்குகளில் செருகாமல் ஒரே மல்டிபிளக்கில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் அதிலேயே தீர்ந்துவிடும். மைக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளையே பயன்படுத்துங்கள். சத்தம் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் இணைப்பை ஒருபோதும் துண்டிக்கக்கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: விண்டோஸ் 11 என் கணினியில் ஏற மறுக்கிறது. மின்வெட்டு வேறு. என்ன செய்வது?
வாசகர், இசிபிங்கோ

பதில்: எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆயினும் பதிவுக்கு மட்டுமே பயன்படும் கணினிக்கு இணையமே தேவையில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு விண்டோஸ் 10இலேயே வேலையைத் தொடரலாம், கோப்புகளை யூஎஸ்பியில் எடுத்துச் செல்லலாம். இணையமும் வேண்டுமென்றால் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஸ்டூடியோவையும் ஒலிப்பதிவுக்கான ஆர்டோர் (Ardour) மென்பொருளையும் முயன்று பாருங்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் லினக்ஸில் வேலை செய்யுமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லையென்றாலும், சிறிய யுபிஎஸ் ஒன்று இருப்பது நல்லது. சைன் அலை தரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான இன்வெர்ட்டர்களின் கரடுமுரடான மின்னலை மைக்கில் இரைச்சலாக ஏறக்கூடும்.