கெப்ளரின் விதியும் ஒரு கணினி நிரலும்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். ஒரு கோட்பாடு விஞ்ஞானியின் மனதில் தோன்றுவதற்குத் தர்க்கம் ஏதும் இல்லை, தோன்றியபின் அதைச் சோதிப்பதற்கே தர்க்கம் உண்டு என்பது அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரின் கருத்து என்று படித்தேன். இன்று செயற்கை நுண்ணறிவு தரவுகளிலிருந்து விதிகளையே கண்டெடுக்கிறது என்கிறார்கள். அப்படியானால் பாப்பர் சொன்னது பொய்த்துவிட்டதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாப்பர் 1934இல் அவ்வாறு எழுதினார். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன் 1973இல் அதை மறுத்து, வெற்றிக்கு உறுதி தராவிட்டாலும் குருட்டுத் தேடலைவிட மேலான தேடல் நெறிகள் உண்டு, கண்டுபிடிப்பின் தர்க்கம் என்பது அவைதான் என்று வாதிட்டார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பேட் லாங்லி என்ற ஆய்வாளர் உருவாக்கிய 'பேக்கன்' என்ற கணினி நிரல் அந்த வாதத்துக்கு உருவம் கொடுத்தது.

அதன் நெறிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. இரண்டு அளவுகள் சேர்ந்து வளர்ந்தால் ஒன்றை மற்றதால் வகுத்துப் பார். ஒன்று வளர மற்றது குறைந்தால் இரண்டையும் பெருக்கிப் பார். மாறாத எண் கிடைத்தால் நிறுத்து. சூரியனிலிருந்து கோள்களின் தூரத்தையும் அவை சுற்றிவரும் காலத்தையும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வளர்கின்றன. எனவே தூரத்தைக் காலத்தால் வகுக்கிறது. அந்த ஈவு, தூரம் கூடக்கூடக் குறைகிறது. எனவே ஈவையும் தூரத்தையும் பெருக்குகிறது. அந்தப் பெருக்கல் தொகை வளர முதல் ஈவு குறைவதால், அவ்விரண்டையும் மறுபடி பெருக்குகிறது. தூரத்தின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்த எண் எல்லாக் கோள்களுக்கும் ஒன்றாக வந்து நிற்கிறது. பூமியின் தூரத்தையும் ஆண்டையும் அலகாகக் கொண்டால் வியாழனின் தூரம் 5.2, காலம் 11.86. முன்னதன் மும்மடியும் பின்னதன் இருமடியும் ஏறக்குறைய 141தான். கெப்ளரின் மூன்றாம் விதி மூன்றே படிகளில் கிடைத்துவிடுகிறது.

ஆகவே பாப்பர் தர்க்கத்துக்கு வெளியே நிறுத்திய பகுதியில் ஒரு பங்கையேனும் படிப்படியாக எழுதிக்காட்ட முடியும் என்றே நான் கருதுகிறேன். எஞ்சிய பங்கு எது என்பதையும் இதே நிரல்தான் தெளிவாகக் காட்டுகிறது, எனக்கு அதுவே இன்னும் முக்கியம். தூரம், காலம் என்ற இரண்டு அட்டவணைப் பத்திகளை அதற்கு மனிதர் எழுதிக் கொடுத்தனர். உங்கள் பகுதித் தேனீ வளர்ப்போர் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோயால் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை இழந்தபோது, மழையைக் குறிப்பதா, ரப்பர்த் தோட்டத்து மருந்தைக் குறிப்பதா, செத்த புழுவின் வடிவத்தைக் குறிப்பதா என்று யாரும் பட்டியலிட்டுத் தரவில்லை. எதை அளப்பது என்ற அந்தத் தேர்வைத் தத்துவவாதிகள் 'உள்ளுணர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தார்கள். நிரல் எழுத உட்காருபவருக்கு அந்தச் சொல் போதாது.

கோட்பாடுகளை ஒப்பிடும் இடத்திலும் இதுவே நேர்ந்தது. சிறந்த கோட்பாடு சான்றுகளோடு நன்கு இசையும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தத்துவவாதி பால் தாகார்டு 1989இல் அந்த இசைவை ஒரு வலைப்பின்னலாகக் கணினியில் அமைத்து, வேதியியலாளர் லாவாசியேவின் ஆக்சிஜன் கோட்பாடு, எரியும் பொருளிலிருந்து ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கோட்பாட்டை வெல்வதைக் காட்டினார். எது எதை விளக்குகிறது என்ற இணைப்புகளை அவரே இட்டார் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் இணைப்புகள் வெளிப்படையாக இருப்பதால்தான் அப்படி விமர்சிக்கவே முடிகிறது.

பதினொன்றாம் வகுப்பில் கெப்ளர் விதிகளை நடத்தும்போது தூரம், காலத்தோடு கோளின் விட்டத்தையும் துணைக்கோள்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்து, மாணவர்களை அந்த நெறிகளின்படி தேடச் சொல்லுங்கள். எந்தப் பத்தியை எதனால் கைவிட்டார்கள் என்பதைத் தனியே எழுதி வாங்குங்கள். உங்கள் கேள்விக்கான பதிலின் கடினமான பகுதி அந்தத் தாள்களில்தான் இருக்கும்.