பார்க்கத் துணிப்பை, தொட்டால் பிளாஸ்டிக்!

கேள்வி: தி.நகர் கடைகளில் துணிப்பை மாதிரி ஒன்று தருகிறார்களே, நம்பி வாங்கலாமா?
- வாசகி, சைதாப்பேட்டை

பதில்: அது துணியே இல்லைங்க. நெய்யாமல், பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக். ஓரத்தில் துளி கத்தரித்து நெருப்பில் காட்டுங்கள். உருகிச் சுருண்டால் பிளாஸ்டிக், காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு!) சரி, பருத்தி என்றால் பாவமே இல்லையா? அதற்கும் தண்ணீர், உரம், சாயம் எல்லாம் செலவாகிறது. சாதாரண பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், பருத்திப் பையை 131 தடவையாவது தூக்கினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் சமமாகும் என்று 2011இல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் போட்டது. கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் பீரோவில் எத்தனை கிடக்கின்றன? அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோயம்பேடு போங்கள்.