பிராகில் இன்னொரு இரவு தங்கலாமா? கொருனாவை எங்கே வாங்குவது?

கேள்வி: நானும் என் மனைவியும் செப்டம்பரில் ஆளுக்கொரு முதுகுப்பையோடு ஐரோப்பா கிளம்புகிறோம். வியன்னாவில் 3 இரவு, புடாபெஸ்டில் 1, பிராகில் 2, பெர்லினில் 5 என்று திட்டம். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. விசாவுக்கு அடுத்த மாதம் விண்ணப்பிக்கிறோம். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் பிராகில் யூரோ கிடையாது, கொருனாதான் என்கிறார்கள். கொருனாவைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்வதா, யூரோ நோட்டைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதா, இருக்கிற கார்டையே தேய்ப்பதா? இன்னொன்று, மனைவிக்குப் பிராகில் கூடுதலாக ஒரு இரவு தங்க ஆசை. செலவு கட்டுப்படியாகுமா என்று எனக்குத் தயக்கம்.
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் அதிகம் மிச்சமாகும். மனைவி சொல்வதைக் கேளுங்கள். புடாபெஸ்ட் இரவை எடுத்துவிட்டு அதைப் பிராகில் சேர்த்துவிடுங்கள்.

சின்னப் பயணத்தில் காசு கரைவது பெரும்பாலும் ஊர் மாறும் நாட்களில்தான். ரயில் டிக்கெட், அறை கிடைக்கும் வரை பைகளை வைக்க லாக்கர், இரண்டு ஊரிலும் டிராம் டிக்கெட், பசித்த இடத்தில் சொன்ன விலைக்குச் சாப்பாடு என்று எல்லாம் அன்றைக்கே சேர்ந்து வரும். புடாபெஸ்டில் புது நாணயம் வேறு. ஹங்கேரியிலும் யூரோ இல்லை, ஃபோரின்ட்தான். ஒரே ஒரு இரவுக்காக அதையும் மாற்றி, மீந்ததைத் திரும்ப மாற்றி, இரண்டு முறையும் நஷ்டப்பட வேண்டும். வியன்னாவிலிருந்து பிராகுக்கு நேர் ரயிலில் சுமார் 4 மணி நேரம். புடாபெஸ்ட் வழியாகப் போனால், அங்கிருந்து பிராகுக்கு மட்டுமே 7 மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரண்டு டிக்கெட்டுக்குப் பதில் ஒன்று, அதோடு கையில் ஒரு முழுப் பகல். புடாபெஸ்ட் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர். ஒரு இரவில் ஓடிப் பார்ப்பதைவிட அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வதே மேல்.

பிராகில் மூன்றாவது நாள் முதல் நாளைவிட மலிவாகவே முடியும். சார்லஸ் பாலத்தில் நடக்கக் காசு இல்லை. 1410-ல் நிறுவிய வானியல் கடிகாரம் மணி அடிக்கும்போது சதுக்கத்தில் நின்று பார்ப்பதற்கும், கோட்டை முற்றங்களுக்குள் போவதற்கும், விஷெஹ்ராட் என்ற பழைய கோட்டை மேட்டிலிருந்து ஆற்றைப் பார்ப்பதற்கும் கட்டணம் கிடையாது. வார நாட்களில் மதியம், உள்ளூர் ஆட்கள் சாப்பிடும் உணவகங்களில் அன்றைய மதியச் சாப்பாடு என்று தனிப் பட்டியல் போட்டிருப்பார்கள். ஒருவருக்குச் சுமார் 200 கொருனாவில் முடித்துவிடலாம். பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு எடுபடாது. அறை வாடகையோடு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா தங்கும் வரி உண்டு. சில விடுதிகள் அதை வரவேற்பில் தனியாகக் கேட்பார்கள். இருவருக்கும் மூன்று இரவுக்கு 300 கொருனா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பணம். பிராக் இருக்கும் செக் குடியரசு 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2007-ல் ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் அமைப்பிலும் சேர்ந்தது. அதனால் விசா ஒன்றே போதும், ஆனால் நாணயம் வேறு. ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா, ஒரு கொருனா 4 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனதில் வையுங்கள். கிளம்பும் வாரத்தில் அன்றைய விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

சென்னையில் கொருனா தேட வேண்டாம். இங்கே அதிகம் புழங்காத நாணயம் என்பதால், கிடைத்தாலும் நல்ல விலைக்குக் கிடைக்காது. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டும் பிராகுக்கு ஏற்றதல்ல. கார்டில் இல்லாத நாணயத்தில் தேய்க்கும்போது, பெரும்பாலான கார்டுகள் நாணயம் மாற்றும் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். ரூபாயிலிருந்து யூரோவுக்கு மாற்றும்போது ஒரு நஷ்டம், யூரோவிலிருந்து கொருனாவுக்கு இன்னொன்று. அந்தக் கார்டை வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிராகுக்கு, வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்அப், அதாவது நாணயம் மாற்றும் கூடுதல் கட்டணம், வாங்காத கார்டு ஒன்று எடுங்கள். விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் கார்டாக இருக்கட்டும். சாதாரண கிரெடிட் கார்டில் மார்க்அப் 3.5 சதவீதம் வரை போகும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். இருவரும் ஆளுக்கொரு கார்டைத் தனித்தனிப் பையில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பணம் போகிற இடம் ஒன்று உண்டு. கடையிலோ ஏ.டி.எம்.மிலோ இந்தியக் கார்டைப் பார்த்ததும், திரையில் தொகையை ரூபாயில் காட்டி ‘உங்கள் நாணயத்திலேயே செலுத்தலாம்’ என்று கேட்கும். பார்க்க வசதியாக இருக்கும். அந்த மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். 10 சதவீதத்துக்கு மேலும் கூட்டி வைத்திருப்பதுண்டு. பச்சை நிறத்தில் பெரிதாகத் தெரியும் பொத்தான் பெரும்பாலும் அதுதான். ‘மாற்றம் வேண்டாம்’ என்பது ஓரத்தில் சின்னதாக இருக்கும். அந்தச் சின்னதைத் தொடுங்கள், எப்போதும் கொருனா. சில தளங்களில் விடுதி, ரயில் முன்பதிவு செய்யும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் இதே பதில்தான்.

ரொக்கம் அதிகம் வேண்டியதில்லை. டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் வாங்கலாம். பொதுக் கழிப்பறை, சின்னக் கடை, டிப்ஸ் என்று இருவருக்கும் மூன்று நாளைக்கு 1,500 கொருனா தாராளம். அதை ஒரு வங்கிக் கிளையை ஒட்டிய ஏ.டி.எம்.மில் டெபிட் கார்டு போட்டு ஒரே தடவையாக எடுங்கள். வங்கி ஏ.டி.எம்.களிலும் சிலவற்றில் கட்டணம் உண்டு. திரையில் முன்கூட்டியே காட்டும், அதிகமென்றால் ரத்து செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் சுவருக்குச் சுவர் நிற்கும் தனியார் இயந்திரங்களை விட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஒருவேளை யூரோ நோட்டை மாற்ற வேண்டி வந்தால், பலகையை நின்று படியுங்கள். அதில் இரண்டு விலை இருக்கும்: அவர்கள் யூரோவை விற்கும் விலை, வாங்கும் விலை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. 100 யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா என்று கேட்டு, தாளில் எழுதச் சொல்லுங்கள். 2,500-ஐ ஒட்டி வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினாலும் வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் செக் சட்டப்படி, 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்துகொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தெருவில் நின்று நல்ல விலை தருகிறேன் என்பவரிடம் மாற்றினால் எந்தச் சட்டமும் துணைக்கு வராது; வேறு நாட்டின் செல்லாத பழைய நோட்டைத் திணித்துவிடுவார்கள்.

மிச்ச கொருனாவைப் பெர்லின் ரயில் ஏறும் முன் தீர்த்துவிடுங்கள். நோட்டையாவது பிறகு மாற்றலாம், சில்லறையை யாரும் வாங்க மாட்டார்கள். விடுதிக் கணக்கை முடிக்கும்போது இருக்கிற ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கார்டைத் தட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் தொகைக்கு, ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ், அதாவது பணம் செலுத்தும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பதில்லை. உங்கள் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வியன்னா 3, பிராக் 3, பெர்லின் 5 என்று மாற்றினாலும் ஜெர்மனிதான், அதில் குழப்பம் இல்லை. கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்; இருவருக்கும் தனித்தனியாக, பயண நாட்கள் முழுவதற்கும் எடுங்கள். புடாபெஸ்ட் அறையை ரத்து செய்த பிறகு, பிராக் முன்பதிவில் மூன்று இரவும் உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள்.